டிரம் மெஷின் பின்னால் விழுகிறதா, ஆடுகிறதா?

ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளோடு ஓடும்போது உங்கள் டிரம் மெஷின் ஒரு நூல் பின்னால் விழுகிறது, திரையில் டெம்போவும் 119.6, 120.3 என்று ஆடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு சிக்கல்கள்.

பின்னால் விழுவது சுலபம். லைவின் மிடி (கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை) செட்டிங்ஸில், மெஷின் இருக்கும் அவுட்புட்டுக்குக் கீழே ‘மிடி கிளாக் சிங்க் டிலே’ இருக்கும்; மெஷினுக்குப் போகும் தாளத் துடிப்பை முன்பின் நகர்த்துவது அதுதான். லைவ், மெஷின் இரண்டிலும் ரிம்ஷாட்டை (டிரம் விளிம்பில் அடிக்கும் ஒலி) மட்டும் ஓடவிட்டு, அதை மைனஸ் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ‘டடக்’ என்று கேட்பது ஒரே ‘டக்’ ஆகும் இடத்தில் நிறுத்துங்கள். அப்புறம் லைவின் ஆடியோ செட்டிங்ஸில் பஃபர் சைஸைத் (கணினி ஒலியை எவ்வளவு சேர்த்துவைத்து அனுப்பும் என்ற அளவு) தொடாதீர்கள், தொட்டால் மறுபடி முதலிலிருந்து.

ஆடுவதுதான் தொல்லை. மிடி கிளாக் ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு அனுப்பும். 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 பீட்) சுமார் 21 மில்லிசெகண்டுக்கு ஒன்று. கணினி திணறினால் அந்த இடைவெளி பிசகும், மெஷின் அதையும் நம்பி ஓடும். யூஎஸ்பி ஹப்பைக் கழற்றிவிட்டு நேரே செருகிப் பாருங்கள். யூஎஸ்பி, 5 பின் மிடி கேபிள் இரண்டிலும் கிளாக் போகிறதா என்றும் பாருங்கள், ஒன்று போதும்; இரண்டும் போனால் மெஷின் துடிப்பை இரண்டு தடவை எண்ணிவிடலாம். ஒரு கல்யாண ரிசப்ஷனில் நான் இரண்டையும் விட்டுவைத்து, மெலடிப் பாட்டு குத்துப்பாட்டாகிவிட்டது!