குடிக்கத் தோன்றும்போது கேட்பது உடம்பா, மனசா? கேள்வி பதில்

நான் மனநல மருத்துவர், குடிநோய் சிகிச்சைதான் அன்றாட வேலை. நீங்கள் எழுதிக் கேட்டவற்றில் ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன். தொடங்குமுன் ஒரு விஷயம், இதை இன்னும் இரண்டு மூன்று இடத்தில் சொல்லத்தான் போகிறேன், சலித்துக்கொள்ளாதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவர், அதிலும் காலையில் ஒரு வாய் போகாவிட்டால் கை நடுங்குகிற நிலைக்கு வந்தவர், நாளை முதல் நிறுத்துகிறேன் என்று வீட்டில் தனியாக உட்காரக் கூடாது. மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

கேள்வி: காலைல டம்ளரை ரெண்டு கையால பிடிக்க வேண்டியிருக்கு டாக்டர். ஒரு பெக் உள்ளே போனா நடுக்கம் நின்னுடுது. இது பழக்கமா, நோயா?

பதில்: இதுதான் உடம்பு கேட்பது. மூளையில் அமைதிப்படுத்தும் வேலையை காபா என்ற ரசாயனமும், முடுக்கிவிடும் வேலையை குளுட்டமேட்டும் செய்கின்றன. மது முதலாவதற்குக் கைகொடுத்து இரண்டாவதை அடக்குகிறது. ஒருநாள் குடித்தால் அதோடு போயிற்று. மாதக்கணக்கில் தினமும் குடித்தால் மூளை சும்மா இருக்காது, காபாவுக்கான வரவேற்பைக் குறைத்து, குளுட்டமேட் பக்கத்தைப் பலப்படுத்திச் சமாளிக்கும். வெளியே ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார், நீங்கள் உள்ளே தோள்கொடுத்து முட்டி நிற்கிறீர்கள் என்று வையுங்கள், அவர் சட்டென்று விலகினால் குப்புற விழுவது நீங்கள்தான். இரவு முழுக்கக் குடிக்காமல் தூங்கி எழும்போது நடப்பது அதுவே: நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல், காரணமில்லாத பயம். ஒரு பெக் போட்டால் நிற்பதால் அது மருந்து போலத் தெரிகிறது, ஆனால் அடுத்த நடுக்கத்துக்கு விதை போடுவதும் அந்தப் பெக்தான்.

இதற்கு ஒரு கால அட்டவணையே உண்டு. கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் வரும், ஆள் இடம் தெரியாமல் குழம்புவார், இல்லாததைப் பார்த்துக் கையால் தட்டிவிடுவார், காய்ச்சலும் இதயத் துடிப்பும் எகிறும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். மருத்துவமனையில் மூளையின் பரபரப்பை அடக்கும் பென்சோடயசிபைன் வகை மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலானவர்கள் ஒரு வாரத்தில் இதைத் தாண்டிவிடுகிறார்கள். நிறுத்துவது, மறுபடி தொடங்குவது, மறுபடி நிறுத்துவது என்றே போனால் ஒவ்வொரு முறையும் இது இன்னும் கடுமையாகிப் போக வாய்ப்பு உண்டு. அதனால் 'போன தடவை சும்மாதான் நிறுத்தினேன், ஒன்றும் ஆகவில்லை' என்பது இந்தத் தடவைக்கு உத்தரவாதம் இல்லை.

கேள்வி: நிறுத்தி நாலு மாசம் ஆச்சு சார். நடுக்கமெல்லாம் போயிடுச்சு. ஆனா சாயங்காலம் வேலை முடிஞ்சு வண்டிய எடுத்தா வாயில எச்சில் ஊறுது. உடம்புல சரக்கே இல்லையே, அப்புறம் ஏன்?

பதில்: நல்ல கேள்வி. நாலு மாதத்துக்குப் பின் கேட்பது பெரும்பாலும் உடம்பு அல்ல, கற்றுக்கொண்ட மூளை. மணியோசையைக் கேட்டதும் எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய்களைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். உங்களுக்கு மணி எதுவென்று நீங்களே எழுதிவிட்டீர்கள், வேலை முடிந்து வண்டிச் சாவியைத் திருப்புகிற அந்த நிமிடம். இன்னொருவருக்குச் சம்பள நாள், வேறொருவருக்கு மூடி திறக்கும் சத்தம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ராபின்சன், பெரிட்ஜ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993-ல் முன்வைத்த கருத்துப்படி, மூளையில் 'பிடித்திருக்கிறது என்று ரசிப்பது' வேறு, 'வேண்டும் என்று இழுப்பது' வேறு. டோபமின் என்ற மூளை ரசாயனம் முக்கியமாக இரண்டாவதைத்தான் நடத்துகிறது. குடிக்கக் குடிக்க இன்பம் மங்கும், இழுப்பு மட்டும் கூர்மையாகும். 'இப்பல்லாம் குடிச்சா சந்தோஷமே இல்ல, ஆனா விடவும் முடியல' என்று என்னிடம் வருகிறவர்கள் சொல்வது பொய்யோ நடிப்போ இல்லை.

செய்ய வேண்டியது இரண்டு. கொஞ்ச காலத்துக்கு அந்த நிமிடத்தை மாற்றுங்கள், வேறு வழியில் போங்கள், வண்டியை எடுக்குமுன் வயிற்றுக்கு ஏதாவது போடுங்கள் (பசி, கோபம், தனிமை, களைப்பு நான்கும் ஆசையை ஏற்றிவிடும்). இரண்டாவது, ஆசை வந்தால் அதோடு மல்லுக்கு நிற்காதீர்கள். உடம்பில் எங்கே தெரிகிறது, தொண்டையிலா, நெஞ்சிலா, தாடை இறுகுகிறதா என்று கவனித்தபடி கடிகாரத்தைப் பாருங்கள். ஏறும், உச்சத்தில் நிற்கும், இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். குடிக்காமல் அது இறங்கிய ஒவ்வொரு தடவையும் அந்தச் சாவிக்கும் சரக்குக்கும் உள்ள முடிச்சு கொஞ்சம் தளர்கிறது.

கேள்வி: மொத்தம் எத்தனை நாள்ல ஆசை போகும்?

பதில்: உடம்பின் கலவரம் ஒரு வாரம். தூக்கக் குறைவும் எரிச்சலும் சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். ஆசை போக நாள் கணக்கு கிடையாது. வருவது குறையும், வந்தாலும் பலம் குறையும்.

கேள்வி: என் கல்லீரல் ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்பவா?

பதில்: வேண்டாம். குடல், கல்லீரல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுக்கிற மாத்திரை இருக்காமே மேடம்? பேர் சொல்லுங்க.

பதில்: நீங்கள் எவ்வளவு நொந்து கேட்கிறீர்கள் என்று புரிகிறதம்மா. ஆனாலும் சொல்ல மாட்டேன் என்றால் வேறெங்காவது கேட்டு வாங்கிவிடுவீர்கள், அதனால் சொல்லியே எச்சரிக்கிறேன். அது டைசல்ஃபிராம். மது உடைந்து அசிட்டால்டிஹைடு ஆகும், அதற்கு மேல் உடையவிடாமல் இந்த மாத்திரை தடுக்கும். மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். சிலர் இறந்தும் போயிருக்கிறார்கள். தெரிந்தே சாப்பிடுகிறவர் குடிக்காமல் இருந்துகொள்வார், மது கலந்த இருமல் மருந்தைக்கூடத் தவிர்ப்பார். தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போலப் போய்க் குடிப்பார். தவிர, இது பயத்தால் நிறுத்தி வைக்கும் மருந்து, ஆசையைக் குறைப்பதில்லை. ஆசையைக் குறைப்பவை வேறு: நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட். முதலாவது குடியில் கிடைக்கும் கிறக்கத்தை மழுங்கடிக்கும், ஓபியாய்டு, அதாவது அபின் வகை, வலி மருந்து எடுப்பவருக்கு ஆகாது. இரண்டாவதுக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். எதுவானாலும் அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு. கலக்காதீர்கள்.

கேள்வி: க்ரேவிங், நோய்னு என்னென்னமோ சொல்றீங்க. எங்கப்பா ஒரே நாள்ல விட்டார். எல்லாம் மன உறுதி இல்லாதவன் சொல்ற சாக்கு.

இதற்குக் கீழே இன்னொருவர்: ஒரு சொட்டு உள்ளே போனா எங்க உடம்பு எங்க பேச்சைக் கேக்காது சார். இது அலர்ஜி மாதிரி. உறுதியால ஆகறது இல்ல.

பதில்: இருவரும் இருபது முப்பது பதில்களுக்குச் சண்டை போட்டிருக்கிறீர்கள், அதில் பாதி வசவு. வசவை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

'ஒரு சொட்டு' நண்பருக்கு முதலில். 1973-ல் ஆலன் மார்லட் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் ஒரு சோதனை செய்தார்கள். குடிநோயாளிகளைக் கூப்பிட்டு, சுவை பார்த்து மதிப்பெண் போடுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்றார்கள். சிலருக்கு வோட்கா கலந்த டானிக் தண்ணீர், சிலருக்கு வெறும் டானிக். சூட்சுமம் என்னவென்றால், ஒவ்வொன்றிலும் பாதிப் பேரிடம் பொய் சொன்னார்கள். வெறும் டானிக்கை வோட்கா என்று நம்பியவர்கள் அதிகமாகக் குடித்தார்கள். வோட்கா உள்ளே போயும் டானிக் என்று நம்பியவர்கள் கட்டுமீறவில்லை. அதாவது அங்கே அளவை ஏற்றியது சொட்டு அல்ல, 'குடிக்கிறேன்' என்ற நம்பிக்கை. இதைப் பிடித்துக்கொண்டு ஒரு பெக் போட்டால் தப்பில்லை என்று கிளம்பிவிடாதீர்கள். பிற்பாடு வந்த சோதனைகளில் சிறிய அளவு மதுவே ஆசையைக் கூட்டுவதும் தெரிந்தது. நிஜ வாழ்க்கையில் யாரும் உங்களை ஏமாற்றி ஊற்றுவதில்லை, நீங்கள் தெரிந்தேதான் குடிக்கிறீர்கள், சொட்டும் நம்பிக்கையும் ஒன்றாகவே உள்ளே போகின்றன. உங்கள் காரணம் முழுக்கச் சரியில்லை, முடிவு சரி: முதல் பெக் வேண்டாம்.

இனி 'மன உறுதி' நண்பருக்கு. உங்கள் அப்பாவைப் பாராட்டுகிறேன். சிகிச்சையே இல்லாமல் விட்டவர்கள் நிறையப் பேர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம்பிக்கைதான் அளவை ஏற்றுகிறது என்றால் உறுதி போதும் என்று ஆகாது. எச்சில் ஊறுவதை யாரும் முடிவெடுத்துச் செய்வதில்லை. ஆசை வருவது உங்கள் கையில் இல்லை, வந்த பின் கால் எங்கே போகிறது என்பதில் ஓரளவு இருக்கிறது, அந்த ஓரளவைக் கூட்டத்தான் மருந்தும் கவுன்சலிங்கும். தவிர, உறுதியான மனிதருக்கும் இரண்டாம் நாள் வலிப்பு வரலாம்.

இதோடு இந்தச் சண்டை போதும். கீழே தொடர்ந்தால் படிக்க மாட்டேன்.

கேள்வி: ஆசை போக எவ்ளோ நாள் ஆகும் டாக்டர்?

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: நிறுத்தினா ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டா போதும்னு ஒருத்தர் சொன்னார்.

பதில்: போதாது, சில சமயம் ஆபத்து. நிறையக் குடிப்பவர்களுக்குத் தயமின், அதாவது பி1 வைட்டமின், பல சமயம் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் வெர்னிக்கே என்ற மூளைப் பாதிப்பைத் தூண்டிவிடலாம்: கண் ஒழுங்காக அசையாது, நடை தள்ளாடும், குழப்பம். ஞாபக சக்தி திரும்பாமலே போனவர்களும் உண்டு. 'நான் தினமும் குடிப்பவன்' என்று ஏற்றுமுன் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

கேள்வி: குடிய விட்டதிலேர்ந்து இனிப்பு மேல வெறியா இருக்கு. ஆல்கஹால் இல்லாத பீர் குடிச்சுக்கலாமா?

பதில்: இனிப்பு ஆசை ரொம்பச் சாதாரணம், சர்க்கரை நோய் இல்லையென்றால் முதல் சில வாரம் அதோடு சண்டை வேண்டாம். அந்த பீர் வேண்டாம். அதே நிறம், அதே நுரை, அதே கசப்பு. சாவிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி: சிகரெட்டையும் சேர்த்து விடலாமா?

பதில்: விடலாம்.

கேள்வி: கை நடுங்கும், ஆனா ஆஸ்பத்திரி வேணாம். வீட்லயே நிறுத்த வழி?

பதில்: கை நடுங்குகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். முதல் பத்தி. முன்பு வலிப்போ குழப்பமோ வந்திருந்தால் உள்நோயாளியாகச் சேர்வதே பத்திரம். மற்ற சிலருக்கு, தினமும் வந்து பார்த்துப் போகிற ஏற்பாட்டில், கூட ஓர் ஆள் இருந்தால், வீட்டிலும் செய்யலாம். அதை முடிவு செய்வது உங்களைப் பரிசோதித்த மருத்துவர், நானும் இல்லை, நீங்களும் இல்லை.

கேள்வி: விட்டு ஒரு மாசம் ஆகுது. கனவுல குடிக்கிறேன், எழுந்தா வாயில அந்த ருசியே இருக்கு. உள்ளுக்குள்ள நான் இன்னும் மாறலையா?

பதில்: அப்படி இல்லை. மது கனவுத் தூக்கத்தை அமுக்கி வைக்கும், நிறுத்தியதும் அது வட்டியும் முதலுமாகத் திரும்பி வரும். விட்டவர்களில் நிறையப் பேருக்கு இந்தக் கனவு வருகிறது, குற்ற உணர்வோடு அலறி எழுகிறவர்கள் உண்டு. நாளடைவில் குறையும். எழுந்ததும் ஆசை மிச்சமிருந்தால் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டில் யாரையாவது எழுப்பிச் சொல்லிவிடுங்கள், அரை மணி நேரக் கணக்கு இதற்கும் பொருந்தும்.