அண்ணாச்சி பதில்கள்: 83 யூனிட் சூரியன்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அறிவியல் செய்தித் துணுக்குகளை ஒட்டி அனுப்பியவை. ஆகவே, குடும்பச் சிக்கல்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

சூரியனையே பூமியில் உருவாக்கிவிட்டார்கள், இனி மின்சாரம் தண்ணீர்போலக் கிடைக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, மாடியில் சோலார் தகடு போடக் கொடுத்த முன்பணத்தைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று என் சம்பந்தி கேட்கிறார். என்ன சொல்லட்டும் அண்ணாச்சி?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அம்பாசமுத்திரம்

தகட்டையே போடச் சொல்லுங்கள். அந்தச் செய்தி பொய்யன்று. கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து உங்கள் சம்பந்தியின் கையில் கொடுத்திருக்கிறார்கள். 2022 டிசம்பர் 5 அன்று கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில், மிளகளவு எரிபொருள் உருண்டை ஒன்றை வைத்திருந்த சிறு கூட்டுக்குள் 192 லேசர் கற்றைகளைப் பாய்ச்சி, சூரியனுக்குள் நடப்பதைப்போல ஹைட்ரஜன் அணுக்கருக்களை இணைய வைத்தார்கள். உள்ளே போன லேசர் ஆற்றல் 2.05 மெகாஜூல், வெளியே வந்தது 3.15 மெகாஜூல். அதுவரை எந்த ஆய்வகத்திலும் நடக்காத காரியம் அது என்பதால், செய்தவர்களை மனமாரப் பாராட்டலாம்.

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3.6 மெகாஜூல். ஆக, பூமியில் உதித்த அந்தச் சூரியன் மொத்தமாகக் கொடுத்தது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. அந்த லேசரை ஒருமுறை சுடுவதற்கு மின்கம்பியிலிருந்து இழுத்ததோ ஏறத்தாழ 300 மெகாஜூல், அதாவது 83 யூனிட். இரண்டு மாதத்துக்கு நமக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை வைத்துக்கொண்டு அந்தச் சூரியனை ஒரு தடவைதான் ஏற்ற முடியும். மிச்சத்தில் மிக்சி ஓட்டலாம். அல்வாக் கிண்டியவர் கோதுமை, சர்க்கரை, விறகு, பால் பிழிந்த கூலி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கடைசியாக ஊற்றிய ஒரு கரண்டி நெய்யை மட்டும் செலவில் எழுதி லாபம் காட்டினால் நாம் ஒப்புக்கொள்வோமா? இந்த 300 மெகாஜூலை ஆய்வகத்தார் மறைக்கவில்லை, தாங்களே சொன்னார்கள் என்பதையும் எழுதிவிட வேண்டும். செய்திக்குத் தலைப்பு வைத்தவருக்குத்தான் அது இடைஞ்சலாக இருந்திருக்கிறது.

இதைக் கூடங்குளத்தோடு குழப்பிக்கொண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். கூடங்குளத்தில் யுரேனியத்தைப் பிளக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் ஹைட்ரஜனை இணைக்கிறார்கள்.

வெளிநாட்டுக்காரன் செய்தால் நம்புகிறீர்கள். நம் பக்கத்து ஊர்க்காரர் மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுத்தபோது மட்டும் எண்ணெய்க் கம்பெனிகள் அமுக்கிவிட்டன. இதற்கு உங்கள் பதில் என்ன?
— ஆட்டோ ஓட்டுநர், சங்கரன்கோவில்

தண்ணீரில் மூலிகையைப் போட்டுக் கொதிக்கவைத்துப் பெட்ரோல் எடுத்ததாக 1996இல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து ராமர் பிள்ளை அறிவித்தபோது நானும் நம்பினேன் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். டீக்கடையில் ஒருவர் சந்தேகப்பட்டதற்கு அவரோடு இரண்டு வாரம் பேசாமலும் இருந்தேன். நான் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இலை எந்த இலை என்பதன்று. எரிகிற ஆற்றல் எதிலிருந்து வந்தது என்பது. தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன், அடுப்புச் சாம்பலைப்போல. சாம்பலோடு ஒரு கைப்பிடி இலையைப் போட்டுக் கொதிக்கவைத்தால் விறகு திரும்பி வராது. வந்தது என்று ஒருவர் காட்டினால், விறகை அவர் எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்றுதான் தேட வேண்டும். வேதிப்பொருள்களைக் கலந்து மூலிகை எரிபொருள் என்று விற்றதாகத் தொடரப்பட்ட வழக்கில், 2016இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. டீக்கடை நண்பர் இப்போது உயிரோடு இல்லை. அவரிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிவிட்டேன்.

பழைய 2,000 ரூபாய் நோட்டு ஒன்று பீரோவில் கிடைத்தது. சிப் இருக்கிறதே, கண்டுபிடித்துவிடுவார்களா?
— பெயர் வேண்டாம், மேலப்பாளையம்

2016இல் அந்த நோட்டு வந்தபோது, அதில் இடம் காட்டும் ஜிபிஎஸ் சிப் இருக்கிறது, 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோள் காட்டிக்கொடுக்கும் என்றார்கள். ஜிபிஎஸ் என்பது கேட்கும் கருவி மட்டுமே. திருநெல்வேலி வானொலி பாடும்போது எந்த வீட்டுத் திண்ணையில் எந்தத் தாத்தா கேட்கிறார் என்பது நிலையத்துக்குத் தெரியாதல்லவா, அதைப்போலத்தான் செயற்கைக்கோளும். தாத்தா பதில் குரல் கொடுக்க வேண்டுமென்றால் தனியாக அலைபரப்பியும் மின்சாரமும் வேண்டும். காகிதத்துக்குள் அவ்வளவுக்கு இடமில்லை. ஆனால் பீரோவில் வைத்ததை நீங்களே மறந்திருக்கிறீர்கள் என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

சாக்லேட் சாப்பிட்டால் எடை குறையும் என்று ஆய்வு சொல்வதாக என் கணவர் செய்தித்தாளை வெட்டி வைத்திருக்கிறார். நம்மூர் அல்வாவுக்கும் இப்படி ஓர் ஆய்வு வருமா?
— வாசகி, தென்காசி

வேண்டுமானால் நாமே நடத்தலாம். ஜான் பொஹானன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் சிலரோடு சேர்ந்து ஜெர்மனியில் வேண்டுமென்றே அப்படி ஓர் ஆய்வை நடத்தி, 2015இல் வெளியிட்டார். கடைசிவரை நின்றவர்கள் 15 பேர். அவர்களிடம் எடை, கொழுப்பு, தூக்கம் என்று 18 விஷயங்களை அளந்தார்கள். எந்த விளைவும் இல்லாத பண்டத்தைக் கொடுத்தாலும், ஓர் அளவை தற்செயலாக ‘குறிப்பிடத்தக்க மாற்றம்’ காட்டுவதற்கு வழக்கமாக நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு உண்டு. அப்படி 18 அளவைகள் தனித்தனியாக இருந்தால், ஏதாவது ஒன்றாவது அகப்படும் வாய்ப்பு ஏறத்தாழ அறுபது விழுக்காடு. தாமிரபரணியில் 18 தூண்டிலைப் போட்டுவிட்டு, மீன் கடித்த ஒன்றை மட்டும் படம் பிடித்து, ‘இந்தப் புழுவுக்குத்தான் மீன் வரும்’ என்று எழுதுவதற்கு ஒப்பானது இது. அவர்களுக்கு அகப்பட்டது எடை. பல நாட்டுப் பத்திரிகைகள் விசாரிக்காமல் அச்சிட்டன. பிறகு பொஹானனே குட்டை உடைத்தார். உங்கள் கணவர் வெட்டி வைத்திருப்பது அந்தச் செய்தியேதானா என்று தேதியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு உங்களைப் போன்றவர்களிடம் யாராவது கேள்வி கேட்பார்களா?
— கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

அதே கவலையில் நானும் ஒரு செயலியிடம் கன்னடியன் கால்வாயைப் பற்றிக் கேட்டேன். அது கர்நாடகத்தில் தொடங்குகிறது என்று மிகுந்த மரியாதையோடு பதில் வந்தது. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் தாமிரபரணியில் பிரிந்து, சேரன்மகாதேவி, பத்தமடை வயல்களுக்குப் பாயும் வாய்க்கால் அது என்று நான் திருத்தியதும், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அதே அழகான நடையில் இன்னொரு தவற்றைச் சொன்னது. அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கணிப்பதே அதன் அடிப்படைத் தொழில். ‘கன்னடியன்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘கர்நாடகம்’ நன்றாகத்தான் பொருந்துகிறது. தெரியாது என்று சொல்லக் கூச்சப்படுவதில் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலரை அது நினைவூட்டியது. ஊருக்குப் புதிதாக வந்தவர் வழி கேட்டால், அவர்களும் ஏதாவது ஒரு பக்கம் கையைக் காட்டத்தான் செய்வார்கள்.

எல்லாவற்றையும் சந்தேகப்படும் அண்ணாச்சி, சிவகளை இரும்பையும் சந்தேகப்படுவாரா?
— வாசகர், ஸ்ரீவைகுண்டம்

மாட்டிவிட்டீர்கள். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்கிறது என்று 2025 ஜனவரி 23 அன்று முதலமைச்சர் அறிவித்தபோது, எனக்குள் இருக்கும் ஆற்றங்கரைக்காரன் எழுந்து கைதட்டிவிட்டான். அவன் உட்கார்ந்த பிறகு, சம்பந்தியின் சூரியனுக்குக் கேட்ட கேள்வியை இதற்கும் கேட்டேன்: எதை அளந்தார்கள், எதைக் கணக்கில் சேர்த்தார்கள்?

காலம் கணிக்கப்பட்டது இரும்புக்கு நேரடியாக அன்று. அதனோடு கிடைத்த கரிக்கும் பானையோட்டுக்கும். கரிமக் கணிப்பு, கரியான மரம் எப்போது வளர்ந்தது என்பதைச் சொல்லும். வயதான மரத்தின் உள்வைரத்தை, அதாவது நடுக்கட்டையை எரித்திருந்தால், காலம் உள்ளதைவிடக் கொஞ்சம் பழையதாகத் தெரியும். அந்த வித்தியாசம் பெரும்பாலும் ஒரு நூறு, இருநூறு ஆண்டுதான் என்பதால் நான் அதற்கு அஞ்சவில்லை. கரியும் இரும்பும் ஒரே காலத்தில்தான் அவை கிடைத்த முதுமக்கள் தாழிக்குள் போயினவா என்பதே பெரிய கேள்வி. இங்கே நம்மவர்களைப் பாராட்டியே ஆக வேண்டும். ஒரே ஆய்வகத்தை நம்பாமல் ஃபுளோரிடா, லக்னோ, அகமதாபாத் என்று வெவ்வேறு இடங்களுக்கு மாதிரிகளை அனுப்பி, கரிமக் கணிப்பு ஒன்றோடு நிற்காமல் வேறு முறையிலும் காலம் பார்த்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு மூன்று ஊர்களில் இதே காலத்து இரும்பும், உருக்கிய உலையும் கிடைக்கும்வரை நான் ‘பெரும்பாலும் சரி’ என்றுதான் எழுதுவேன். அதற்காக என்னைத் துரோகி என்று எழுத நினைப்பவர்கள் அஞ்சலட்டையில் எழுதலாம், செலவு குறைவு.

சென்ற இதழில், மகேந்திரகிரியிலிருந்து ராக்கெட் கிளம்பும் சத்தம் பணகுடிவரை கேட்கும் என்று எழுதியிருந்தீர்கள். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?
— வாசகர், காவல்கிணறு

என் தவறுகளின் கணக்கில். மகேந்திரகிரியில் இஸ்ரோ செய்வது எஞ்சின்களைத் தரையில் கட்டிவைத்து எரித்துப் பார்க்கும் சோதனை. மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சின்களுக்கு அந்த மலையடிவாரமே தேர்வுக்கூடம். அங்கிருந்து எதுவும் விண்ணுக்குக் கிளம்புவதில்லை. நம் பக்கத்தில் ராக்கெட் ஏவுவதற்கென்று 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட இடம், கடலோரத்துக் குலசேகரன்பட்டினம். சத்தம் கேட்டதாக என்னிடம் சொன்னவர் பணகுடியிலேயே வசிக்கும் என் மைத்துனர். அவர் கேட்டது எஞ்சின் சோதனையா, கல்குவாரி வெடியா என்று இப்போது அவருக்கே நிச்சயமில்லையாம்.