ஈ முகமூடி: கன்ன எலும்பின் மேல் முடி உதிர்வது பற்றி

வணக்கம். கண்ணில் ஈ மொய்க்காமலிருக்கக் குதிரையின் முகத்தில் மாட்டும் வலை முகமூடியைப் போட்ட இரண்டாம் நாளே குதிரை அதை வேலியில் தேய்த்துக் கழற்றிவிடுவதாகவும், கன்ன எலும்பின் மேல் முடி உதிர்ந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். முடி உதிர்ந்த இடமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது: வலையின் கீழ்விளிம்பு அந்த எலும்பு மேட்டின் மீதே படிந்து, குதிரை மெல்லும்போதெல்லாம் உராய்கிறது. விளிம்பு மேட்டைத் தாண்டிக் கீழே இறங்கக்கூடிய, உட்புறம் மெத்தென்ற துணிப்பட்டை தைத்த முகமூடியாகப் பாருங்கள்.

அதைவிட முக்கியமானது கண். கண்ணுக்கு எதிரே வலை கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல் புடைத்து நிற்க வேண்டும். பக்கவாட்டில் நின்று, குதிரை கண் சிமிட்டும்போது இமைமுடி வலையில் உரசுகிறதா என்று கவனியுங்கள்; உரசினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாயினும் அது உதவாது. தாடைப்பட்டைக்கு அடியில் இரண்டு விரல்கள் நுழைந்தால் போதும். வெல்க்ரோ பட்டை நல்லது. எங்காவது மாட்டிக்கொண்டால் தானே பிரிந்துவிடும் (வைக்கோல் தூசு அடைந்தால் பிடிக்காது என்பது வேறு தொல்லை).

நாள்தோறும் கழற்றி உதறுங்கள். உள்ளே சிக்கிய ஒரு புல்விதை ஈயைவிடக் கண்ணுக்குக் கேடு. இரவில் முகமூடி தேவையில்லை. கண்ணில் நீர் வடிந்தாலோ, குதிரை கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தாலோ, தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.