தலையணை உறை முதலில், திரைச்சீலை கடைசியில்

கேள்வி: சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். பாதி மாதம் லாரித் தண்ணீரை நம்பித்தான் ஓடுகிறது. படுக்கை விரிப்பை மூன்று நாளுக்கு ஒருமுறை துவைக்க வேண்டும் என்கிறார் என் மாமியார். மாதம் ஒருமுறை போதும் என்கிறார் கணவர். ஏழு வயது மகனுக்கு அவ்வப்போது வீசிங் வரும். எதை எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைப்பது?

பதில்: விரிப்பு வாரம் ஒருமுறை. மாமியார் சொல்லும் மூன்று நாள் கணக்கு விரிப்புக்கு அதிகம், ஆனால் தலையணை உறைக்கு அதுதான் சரி. நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே கழற்றுவார்கள். விரிப்புக்கு நாள் வரும்வரை உறையும் காத்துக் கிடக்கும். கூடுதலாக இரண்டு மூன்று ஜோடி உறை வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் முடிந்துவிடும் வேலை.

தலைக்கு எண்ணெய் வைக்கிற வீட்டில் முதலில் கெடுவது உறைதான். எண்ணெயும் வியர்வையும் ஊறி, நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். அந்த நிலைக்கு வந்ததைப் பச்சைத் தண்ணீரில் எத்தனை முறை போட்டாலும் வாடை முழுதாகப் போகாது. வெள்ளைப் பருத்தி உறையென்றால் சுடுநீரில் இரண்டு கரண்டி சலவைச் சோடா கரைத்து அரைமணி ஊறவைத்து, பிறகு வழக்கம்போலத் துவையுங்கள். சாயம் போகும் துணிக்கு இது வேண்டாம். முகப்பரு உள்ள பிள்ளைகள் இருந்தால் அவர்கள் உறையை இன்னும் சீக்கிரம் மாற்றினாலும் தப்பில்லை.

மகனின் படுக்கைக்கு மட்டும் தனிக் கணக்கு. மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் இருக்கும். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அவற்றுக்குத் தீனி. அவை கடிப்பதில்லை. அவற்றின் கழிவு மூச்சில் போவதால்தான் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இழுப்பு வருகிறது. காற்றில் ஈரம் இருந்தால் அவை பெருகும், சென்னையில் அதற்குப் பஞ்சமே இல்லை. பச்சைத் தண்ணீரில் துவைத்தால் கழிவு பெருமளவு அலசிப் போய்விடும், ஆனால் உண்ணி சாகாது. அதற்கு 60 டிகிரி சூடு வேண்டும். மெஷினில் ஹீட்டர் இருந்தால் அந்த அளவில் வையுங்கள். இல்லாவிட்டால், கொதிக்கும் நீரும் குழாய்த் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய 65 டிகிரி வரும். துணியைப் போட்டு மூடி, கால்மணி விட்டு எடுத்து அலசினால் போதும். பையன் பக்கத்தில் இல்லாதபோது செய்யுங்கள். விரிப்பு, உறை, அவன் போர்த்திக்கொள்ளும் போர்வை மூன்றுக்கும் வாராவாரம் இது உண்டு. இலவம்பஞ்சுத் தலையணையைத் துவைக்க முடியாது. வெயிலில் போட்டுத் தட்டலாம், ஆனால் தட்டும்போதும் அவன் அங்கே நிற்கக் கூடாது.

அடுத்தது துண்டு. நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனால் விரிப்பைவிட இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. காய்ந்திருக்கும்போது வாடையே இல்லாத துண்டு, குளித்துத் துடைத்ததும் நாறும். துவைத்த பிறகும் அப்படித்தான். 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். பெயர் மோராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ். உலர்ந்தாலும் வெயில் பட்டாலும் எளிதில் சாகாமல் இழையில் ஒட்டியிருந்து, ஈரம் கிடைத்ததும் வேலையைத் தொடங்கிவிடும். வாசனைத் திரவம் ஊற்றி இதை மறைக்கப் பார்ப்பது வீண் செலவு. துணியை மெதுவாக்கும் அந்தத் திரவங்கள் இழைமேல் படலமாகப் படிந்து, துண்டு தண்ணீர் உறிஞ்சுவதையும் குறைக்கும். வெந்நீரில் ஊறவைப்பதுதான் வழி.

துண்டு எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்பதைப் பொறுத்தே நாள் கணக்கு. தடித்த தேங்காய்ப்பூத் துண்டு குளியலறைக் கதவின் பின்னால் மடிந்து தொங்கினால் சாயங்காலம்வரை ஈரமாக இருக்கும். இரண்டு முறை துடைத்ததுமே துவைக்கப் போட வேண்டியதுதான். ஈரிழைத் துண்டை விரித்துக் கொடியில் போட்டால் வெயிலில் சீக்கிரமே காய்ந்துவிடும், மூன்று நான்கு நாள் தாங்கும், துவைக்கத் தண்ணீரும் குறைவு. லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் தேங்காய்ப்பூத் துண்டை விருந்தாளிக்கு எடுத்து வைத்துவிட்டு ஈரிழைக்கு மாறுங்கள் என்பேன். ஆளுக்கொரு துண்டு என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அடுப்படித் துணி தினமும். மேடை துடைத்த துணியால் தட்டைத் துடைக்கக் கூடாது. பச்சை மீன், கறி பட்டதை உடனே தனியாக எடுத்துவிடுங்கள். பாத்திரம் இறக்கும் பிடிதுணியைப் பல வீடுகளில் கிழியும்வரை யாரும் துவைப்பதில்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடுப்பில் ஜட்டி, பனியன், ரவிக்கை, சாக்ஸ் எல்லாம் ஒருமுறை போட்டால் துவைக்கத்தான் வேண்டும். பள்ளிச் சீருடையும் அப்படியே. நைட்டி, லுங்கி இரண்டு நாள். ஏசி அறையில் தூங்குகிறவருக்கு ஒருநாள் கூடுதலாகத் தாங்கும்.

ஜீன்ஸ் விஷயத்தில்தான் தண்ணீரை மிச்சப்படுத்தலாம். கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் ஒரே ஜீன்ஸைத் துவைக்காமல் 15 மாதம் போட்டார். பிறகு துவைத்து ஏறக்குறைய இரண்டு வாரம் போட்டுப் பார்த்தபோது, பாக்டீரியா எண்ணிக்கை இரண்டு முறையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. 2011-இல் செய்தியானது இது. அது குளிர்நாடு. சித்திரை வெயிலில் மாநகரப் பேருந்தில் நின்று போகிறவருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. நான்கைந்து முறை போட்டுத் துவைத்தால் போதும், இடையில் மடித்து அலமாரியில் வைக்காமல் காற்றாட மாட்டுங்கள். பாலியெஸ்டர் டி-ஷர்ட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகம் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சிக்குப் பின் பருத்தியைவிட பாலியெஸ்டர் சட்டைதான் அதிகம் நாறியது. வாடை கிளப்பும் நுண்ணுயிரிகள் அதில் நன்றாக வளர்கின்றன. வியர்த்தால் அன்றே அலசிவிடுங்கள்.

திரைச்சீலைக்கு மூன்று மாதம். மகன் அறையில் உள்ளது மட்டும் மாதம் ஒருமுறை. சோபா உறை மாதம் ஒருமுறை. பட்டுப்புடவையை ஒவ்வொரு முறையும் துவைக்கவோ டிரை கிளீனிங்குக்குக் கொடுக்கவோ தேவையில்லை. நிழலில் காற்றாடப் போட்டு, வியர்வை நன்றாக வாங்கியிருந்தால் மட்டும் கொடுங்கள். கால்மிதி வாரம் ஒருமுறை, அதுவும் தனியாக.

வீட்டில் யாருக்காவது படர்தாமரை வந்தால் இந்தக் கணக்கையெல்லாம் நிறுத்தி வையுங்கள். அவர் துண்டும் உள்ளாடையும் விரிப்பும் தனி. தினமும் சுடுநீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே திருப்பி வெயிலில் காயப்போட்டு, இடுப்புப் பட்டி, தையல் ஓரங்களில் அழுத்தி இஸ்திரி போடுங்கள். மருந்து முடியும்வரை இதைச் செய்யாவிட்டால் துணி வழியாகவே திரும்ப வரலாம்.

அப்புறம் ஐப்பசி, கார்த்திகை. காயாத துணிதான் அப்போது தொல்லை. கனத்த போர்வையையும் ஜமுக்காளத்தையும் வெயில் வரும்வரை தள்ளிப்போடலாம். உறை, உள்ளாடை போன்ற சின்னத் துணிகளைக் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் இடைவெளி விட்டுப் போட்டு, லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டு முடித்துவிடுங்கள். மகன் தூங்கும் அறையில் மட்டும் கொடி கட்ட வேண்டாம். ஈரத்துணி காயக் காய அந்த அறைக் காற்றில் ஈரம் ஏறும், தூசி உண்ணிக்கு அதுவே தோதாகிவிடும்.