உங்களுக்கு மலை, எங்களுக்குக் கல்

அன்புள்ள சார்,

எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம், இப்போது பெங்களூருவில் வேலை. பள்ளியில் சேர்ந்து படித்தவர்கள் முப்பது பேர் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். நம் மலைகளை உடைத்து டாரஸ் லாரிகளில் கேரளத்துக்குக் கொண்டுபோகிறார்கள், கேட்க நாதியில்லை என்று சென்ற மாதம் அதில் எழுதினேன். கடற்கரை ஊரைச் சேர்ந்த நண்பன் ஒருவன், "உங்களுக்கு மலை வேணும், எங்களுக்குக் கல் வேணும். அலையைத் தடுக்கக் கடலுக்குள்ள கல்லு கொட்டித் தூண்டில் வளைவு போடலேண்ணா எங்க வீடு கடலுக்குள்ள போவும்" என்று பதில் போட்டான். அப்புறம் பேச்சு மலையை விட்டுவிட்டு யார் எந்த மதம், யார் எந்தக் கட்சி என்று திரும்பிவிட்டது. அவன் குழுவை விட்டே போய்விட்டான். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாங்கள். கருத்து சொன்னதே தப்போ என்று இருக்கிறது. நீங்களும் அன்றாட அரசியலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அதுதான் சரியா?

எம்.

அன்புள்ள எம்.,

நீங்கள் கருத்து சொன்னதில் தப்பே இல்லை. குவாரி விஷயத்தில் என் கருத்தும் அதுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மொத்தப் பரப்பே 1,672 சதுர கிலோமீட்டர். காடு, வயல், ரப்பர், நீளமான கடற்கரை எல்லாம் இதற்குள்தான். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளுக்குத் தண்ணீர் தருவது இந்த மலைகளில் பெய்யும் மழை. ஒரு குன்றை உடைத்து எடுத்துவிட்டால் அது போனதுதான், மரம்போல மறுபடி முளைக்காது. கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு நம் பக்கத்துக் கல் போயிருக்கிறது. ராத்திரி கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை சாலையோரம் ஒரு மணிநேரம் நின்றால் எவ்வளவு போகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். இது நிறுத்தப்பட வேண்டும். என் அப்பா கட்டிய வீட்டின் அஸ்திவாரத்திலும் குன்றுக்கல்தான் கிடக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரு வீட்டுக்கான கல்லும் ஒரு துறைமுகத்துக்கான கல்லும் ஒரே அளவா?

சரி, உங்கள் நண்பன் சொன்னதற்கு வருவோம். அந்த ஒரு வரியை நான் பலமுறை வாசித்தேன். அவன் சொன்னதும் உண்மை. ஆனி, ஆடி மாதங்களில் மேற்குக் கடற்கரை ஊர்களில் அலை வீட்டுச் சுவரில் வந்து அடிக்கிறது. காற்றே இல்லாத நாளில், எங்கோ தூரத்தில் கிளம்பிய அலை கள்ளக்கடலாக ஏறி வருகிறது. அந்த மனிதர்களிடம் போய் மலையைக் காப்பாற்ற வேண்டும் என்று நாம் சொன்னால், தங்கள் வீடு போனாலும் பரவாயில்லை என்று சொல்வதாகத்தான் அவர்கள் காதில் விழும்.

ஆனால் அந்தப் பேச்சு இன்னும் ஓரடி நகர்ந்திருக்க வேண்டும். கடலுக்குள் கல்லைக் கொட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும். இது நம் கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஓர் ஊரில் தூண்டில் வளைவு வந்தால் அடுத்த ஊரில் கரை போகும், அந்த ஊரும் தனக்கு ஒன்று கேட்கும். அதற்கும் கல் மலையிலிருந்துதான் வரவேண்டும். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் மணல் அடைத்து, வள்ளம் கவிழ்ந்து எத்தனை பேர் இறந்திருக்கிறார்கள்! கல் கொட்டி முடித்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்ததன் விலை அது. கடலோரத்துக்கு உண்மையில் எவ்வளவு கல் வேண்டும், எங்கே வேண்டும், அதைத் தாண்டி எவ்வளவு எல்லை கடந்து போகிறது? உங்கள் முப்பது பேரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. அதை ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் பேசியவர்களின் பெயரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

நம் ஊரில் இது பழைய நோய். புதிதாக ஓர் ஆளைப் பார்த்தால் "யாருக்க மகன்?" என்று கேட்போம். பாசமான கேள்விதான். ஆனால் பதில் கிடைத்ததும் அவன் இனி என்ன பேசுவான் என்பதை நாமே தீர்மானித்துவிடுகிறோம். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் இடையே கலவரம் நடந்தபோது எனக்குப் பத்து வயது. அதற்கு முன்பெல்லாம் மீன்கூடையோடு வரும் ஓர் அம்மா எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாட்டியோடு வெற்றிலை போடுவார். கலவரத்துக்குப் பிறகு பல மாதங்கள் அவர் வரவில்லை. கேட்ட வதந்தியை எல்லாம் இரண்டு பக்கமும் நம்பினார்கள். மடாதிபதி குன்றக்குடி அடிகளார் போன்றவர்கள் நேரில் வந்து இரு தரப்பிடமும் பேசித்தான் கொஞ்சம் அடங்கியது. அந்த அம்மா திரும்பவும் வரத் தொடங்கினார். ஆனால் திண்ணையில் உட்காரவில்லை. முற்றத்தில் நின்றபடியே மீனைக் கொடுத்துவிட்டுப் போவார். பாட்டி சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டாள்.

இனி, என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். எங்கள் விளையில், அதாவது தோட்டத்தில், ரப்பர் பாதிக்கு மேல் முறிந்தது, வாழை ஒன்றுகூட நிற்கவில்லை. எட்டு நாள் கரண்டு இல்லை. நான் மரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். டிசம்பர் 7 அன்று கடற்கரை மக்கள் ஆயிரக்கணக்கில் நடந்து வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். "ரயிலை மறிச்சா புயல் நிக்குமா?" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். ஆழ்கடலுக்குப் போன விசைப்படகுகள் கிளம்பிப் பல நாள் ஆகியிருந்தன என்பதும், எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேரவே வழியில்லை என்பதும் எனக்குத் தெரியாது. கடலில் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லித்தான் தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் தெரியாது. கடல் என் வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டர்கூட இல்லை.

அடுத்த வாரம் ஒரு நண்பரோடு சின்னத்துறை என்ற மீனவ ஊருக்குப் போனேன். திரும்பி வராதவர்களின் படங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். பலருக்கு உடல்கூடக் கிடைக்கவில்லை. மகனைத் தேடிக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னிடம் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "அங்க மரம் எல்லாம் விழுந்துதாமே, உங்களுக்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகலியே மக்கா?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. டீக்கடையில் தலையாட்டியது அப்போது நினைவுக்கு வந்தது. இன்றுவரை அது என்னை விடவில்லை.

அன்றாட அரசியலைப் பற்றி நான் ஏன் எழுதுவதில்லை என்று கேட்டீர்கள். காரணம் அந்தத் தலையாட்டல்தான். டிவியில் யார் யாரை என்ன சொன்னார் என்பதற்குத் தினமும் கருத்து சொன்னால், நானும் போய்ப் பார்க்காத இடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். போய்ப் பார்த்த விஷயத்தில் சும்மா இருக்க மாட்டேன். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் தாதுமணல் எடுக்கும் திட்டத்தை நான் எதிர்க்கிறேன். நம் கடற்கரையிலுள்ள மணவாளக்குறிச்சி மணலில் கதிர்வீச்சுள்ள தோரியம் இருப்பது நூறு வருடமாக உலகத்துக்கே தெரியும். அந்த மணலுக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்கள் தங்கள் உடம்பைப் பற்றிக் கேட்கும் கேள்விக்கு அவர்கள் நம்பும்படியான பதில் இன்னும் வரவில்லை. அது வரும்வரை புதிதாக ஒரு சென்ட்கூடத் தோண்டக் கூடாது. இதைச் சொன்னதற்காக என்னை ஒரு தரப்பின் ஆள் என்றார்கள், குவாரியைப் பற்றி எழுதியபோது அதற்கு எதிர்த் தரப்பின் ஆள் என்றார்கள். வலிக்கத்தான் செய்கிறது. அதற்காகச் சொல்லாமல் இருக்க முடியாது.

உங்கள் நண்பனுக்கு வாட்ஸப்பில் விளக்கம் எழுத வேண்டாம். ஆடியில் லீவு போட்டு ஊருக்கு வாருங்கள். நேராக அவன் வீட்டுக்குப் போங்கள். அலை எந்தச் சுவர்வரை வருகிறது என்று அவன் காட்டட்டும். மறுநாள் அவனை பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் உங்கள் ஊர்க் குவாரிக்குழியைக் காட்டுங்கள். இரண்டையும் பார்த்தபிறகு நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு மனு எழுதினால், திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீசுக்கு நானும் வருகிறேன். மூன்றாவது கையெழுத்துக்கு இடம் விட்டு வையுங்கள்.