மார்ஷல் தாக்குதல்: கொடுத்த சிப்பாய்க்கு ஈடாகக் கிடைப்பது என்ன?

சதுரங்கத்தில் ரூய் லோபஸ் என்ற தொடக்க ஆட்டத்தில் வெள்ளை எட்டாவது நகர்வாக சி3 (அதாவது சிப்பாயை சி3 கட்டத்துக்கு) ஆடியதும், கருப்பு டி6 என்று அடங்கி நிற்காமல் டி5 என்று முன்னேறி, இ5இல் நிற்கும் தன் சிப்பாயை விட்டுக்கொடுப்பதே மார்ஷல் தாக்குதல். அதைப் பற்றி வந்த கேள்விகளில் நான்கிற்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: வெள்ளையில் ஆடும்போது ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் விரைவில் தோற்றுவிடுகிறேன். கணினியோ நிலை எனக்குப் பாதகமில்லை என்கிறது. தவறு எங்கே?

பதில்: இ5 சிப்பாயை வெட்டிய யானை 13ஆவது நகர்வில் இ1க்குத் திரும்பும்போது, உங்கள் சி1 மந்திரியும் பி1 குதிரையும் ஏ1 யானையும் இன்னும் தொடக்கக் கட்டங்களிலேயே நிற்கின்றன. கருப்பு ராணி ஹெச்4க்கு வருகிறது. நீங்கள் ஜி3 ஆடியதும் ஹெச்3இல் அமர்ந்துவிடுகிறது. ராஜாவைச் சுற்றியுள்ள வெள்ளைக் கட்டங்களைக் காக்க வேண்டிய மந்திரி தொலைவில் பி3இல் இருப்பதால், அந்த ராணியை விரட்டுவது எளிதன்று. ஆகவே சிப்பாய்களை எண்ணுவதை விட்டுவிட்டு சி1 மந்திரியை இ3க்கும், ராணியை டி3க்கும், குதிரையை டி2க்கும் கொண்டுவாருங்கள். பிறகு ராணியை எஃப்1க்கு நகர்த்தி எதிரி ராணியை விலக்கப் பாருங்கள். தேவையானால் அந்தச் சிப்பாயைத் திருப்பிக் கொடுக்கவும் தயங்காதீர்கள். கணினியின் மதிப்பீட்டை மட்டும் நம்புவது ஆபத்து. 2004இல் சுவிட்சர்லாந்தின் பிரிசாகோவில் கிராம்னிக்கும் லேகோவும் மோதிய உலகப் பட்டப் போட்டியின் எட்டாவது ஆட்டத்தில், கிராம்னிக் கணினி உதவியுடன் முன்கூட்டியே தயாரித்து வந்த நகர்வு வரிசையில் இருந்த ஓட்டையை லேகோ பலகையிலேயே கண்டுபிடித்து வென்றார்.

கேள்வி: இந்தத் தாக்குதலுக்குப் பெயர் தந்த அமெரிக்க வீரர் மார்ஷல் 1918இல் ஆடிய 11ஆவது நகர்வைவிட சி6 ஏன் சிறந்தது?

பதில்: நியூயார்க்கில் கியூபா வீரர் கபாபிளாங்காவுக்கு எதிராக மார்ஷல் டி5இல் நின்ற குதிரையை எஃப்6க்கு எடுத்தார். அது ஜி4 வழியாக எஃப்2 சிப்பாயை வெட்டியது வரை பார்க்க அழகான தாக்குதல்தான். அங்கே வெள்ளை ராணி அந்தக் குதிரையை வெட்டியிருந்தால், கருப்பு முதலில் மந்திரியால் ஹெச்2இல் செக் வைத்து, ராஜாவை எஃப்1க்கு வரவழைத்து, அதன் பிறகே ஜி3க்குப் போக வேண்டும். அவசரப்பட்டு நேராக ஜி3க்குப் போனால் வெள்ளை ராணி எஃப்7இல் தன்னைப் பலியிடும். கருப்பு யானை அதை வெட்டியதும் வெள்ளை யானை இ8இல் செக்மேட் வைக்கும். இவ்வளவு நுணுக்கமான அந்த நிலையில் கபாபிளாங்கா ராணியால் வெட்டாமல் யானையை இ2க்கு நகர்த்தித் தற்காத்து, 36 நகர்வுகளில் வென்றார். சி6 ஆடினால் டி5 குதிரை நடுப்பலகையில் உறுதியாக நிற்கிறது, மந்திரி டி6க்கு வர வழியும் கிடைக்கிறது. தாக்குதலும் ஒரே வீச்சில் தீர்ந்துபோவதில்லை.

கேள்வி: நான் கருப்பில் ஆடி, என் ராணி ஹெச்3இல் இருக்கும்போது வெள்ளை 15ஆவது நகர்வாக யானையை இ4இல் வைத்தால் என்ன செய்வது?

பதில்: அந்த யானை ஹெச்4க்கு வந்து ராணியை விரட்டப் பார்க்கிறது. ஜி5 என்று சிப்பாயைத் தள்ளுங்கள். வெள்ளை மந்திரி அதை வெட்டினால் உங்கள் ராணி எஃப்5க்கு வந்து இ4 யானையையும் ஜி5 மந்திரியையும் ஒரே நேரத்தில் தாக்கும். வெள்ளைக்கு ஒரு காய் போய்விடும். ஆனால் 12ஆவது நகர்வில் வெள்ளை டி4க்குப் பதிலாக டி3 ஆடியிருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். அப்போது இ4 யானைக்கு அந்தச் சிப்பாயின் காவல் இருப்பதால் இந்த இரட்டைத் தாக்குதல் பலிக்காது. டி3 இன்று மதிக்கப்படுவதற்கு முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. அதற்கு எதிராக, யானை இ1க்குத் திரும்பியதும் ராணியை அனுப்பாமல் சி8 மந்திரியை எஃப்5க்குக் கொண்டுவந்து டி3 சிப்பாயையே குறிவைப்பதை நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: நான் கருப்பில் ஆடும்போது என் எதிரிகள் எட்டாவது நகர்வாக சி3 ஆடுவதே இல்லை. என்ன செய்வது?

பதில்: ஏ4, ஹெச்3 ஆகிய இரண்டும் மார்ஷலைத் தவிர்க்கும் நகர்வுகள், முன்னாள் உலகச் சாம்பியன் காஸ்பரோவே இப்படித் தவிர்த்து ஆடியவர். இரண்டுக்கும் மந்திரியை பி7இல் வைப்பது நல்ல பதில்.