பறக்கும் டாக்சி வந்தால் டெல்லி–குருகிராம் தினசரிப் பயணம் சுலபமாகுமா?

பறக்கும் டாக்சி (பேட்டரியில் ஓடி, நேராக மேலே எழும்பும் சின்ன விமானம்) பற்றிக் கேட்கிறவர்களின் கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது: அது தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு உதவுமா? அதை நம்பி ஊருக்கு வெளியே தள்ளி வீடு வாங்கலாமா? இரண்டாவதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: வாங்காதீர்கள். மெட்ரோ நிலையம் பக்கத்தில் இருந்தால் யோசியுங்கள்.

முதல் கேள்விக்கு வருகிறேன். நான் கரோல் பாக்கிலிருந்து குருகிராமுக்கு வேலைக்குப் போய் வருகிறவன். ராஜீவ் சௌக்கில் இறங்கி, மஞ்சள் வழித்தடத்துக்கு மாறி, கூட்டத்தோடு கூட்டமாக நசுங்கிக்கொண்டு போகிற ஆள். அதனால் இந்தச் செய்திகளை ஆசையோடுதான் படிப்பேன். இண்டிகோவுக்குப் பின்னால் இருக்கும் இன்டர்குளோப் குழுமமும் இந்த வகை விமானம் செய்யும் அமெரிக்காவின் ஆர்ச்சர் நிறுவனமும் 2023 நவம்பரில் ஓர் அறிவிப்பு விட்டன. கன்னாட் பிளேஸிலிருந்து குருகிராமுக்கு ஏழே நிமிடம், 2026ல் தொடங்குவதாகத் திட்டம். காரில் போனால் 60 முதல் 90 நிமிடம் ஆகிற வழி அது.

அந்த ஏழு நிமிடம் வானத்தில் இருக்கிற நேரம் மட்டும்தான். வீட்டிலிருந்து ஏறுதளத்துக்குப் போகணும், பாதுகாப்புச் சோதனை முடியணும், பையோடு சேர்த்து எடை பார்ப்பார்கள் (சின்ன விமானத்தில் கிலோ கணக்கு முக்கியம்), இறங்கியபின் அலுவலகத்துக்கு ஒரு ஆட்டோ பிடிக்கணும். எல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரம் கிட்ட வந்துவிடும். மெட்ரோவும் கிட்டத்தட்ட அதே நேரத்தில், நூறு ரூபாய்க்குள், கொண்டுபோய் விடுகிறது. பறக்கும் டாக்சிக்கு அப்போது பத்திரிகைகளில் வந்த கட்டணம் 2,000 முதல் 3,000 ரூபாய். குறைந்த கட்டணத்தையே எடுத்துக்கொண்டாலும் போக வர மாதம் 22 நாளுக்கு 88,000 ரூபாய். என் அலுவலகத்தில் பல பேருக்கு அவ்வளவு சம்பளமே கிடையாது.

சரி, விலை நாளைக்குக் குறையும் என்று வைத்துக்கொள்வோம். குறையாத ஒன்று இடம். ஆர்ச்சரின் மிட்நைட் விமானத்தில் ஒரு விமானியும் நாலு பயணிகளும் உட்காரலாம். அதே தொழிலில் இருக்கிற ஜோபி நிறுவனத்தின் விமானத்திலும் அதே கணக்குதான். எட்டுப் பெட்டி மெட்ரோ ரயில் ஒன்றில் நெருக்கடி நேரத்தில் இரண்டாயிரம் பேருக்கு மேல் போகிறோம். அந்த ஒரே ஒரு ரயிலின் கூட்டத்தை நாலு நாலு பேராக ஏற்ற 500 தடவை பறக்கணும். ஒரு தளத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று கிளம்பினாலும் 40 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அந்தப் பாதையில் எத்தனை ரயில் போயிருக்கும்! தளங்களைப் பெருக்கலாமே என்றால், கன்னாட் பிளேஸில் கார் நிறுத்தவே இடம் இல்லை. நேராக மேலே எழும்புகிற சில நொடிகளில்தான் பேட்டரி மிக அதிகமாகக் கரையும், ஆகவே தளத்திலேயே சார்ஜ் ஏற்றும் வசதியும் வேண்டும். வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டால் போய் இறங்குவதற்குக் கொஞ்சம் மீதியும் வைத்திருக்கணும்.

டெல்லிக்கென்று தனித் தொல்லைகள் வேறு. கன்னாட் பிளேஸுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியரசுத் தலைவர் மாளிகை. அந்தப் பகுதி வானத்தில் கட்டுப்பாடு கடுமை. குருகிராமுக்கு நேர்க்கோடு போட்டால் நடுவில் இந்திரா காந்தி விமான நிலையம். டிசம்பர், ஜனவரியில் மூடுபனி. பெரிய விமானங்களுக்குத் தரையில் வழிகாட்டும் கருவிகள் இருந்தும் தாமதமாகின்றன. கட்டட மாடியில் இறங்குகிற சின்ன விமானம் அந்த மாதங்களில் எத்தனை காலை பறக்கும்? சாலை ஊர்ந்து போகிறதும் அதே காலைகளில்தான்.

விபத்து பற்றிக் கேட்பார்கள். பல சுழலிகள் (மேலே தூக்கும் விசிறிகள்) இருப்பதால் ஒன்று நின்றாலும் மற்றவை தாங்கும், அந்த வகையில் ஹெலிகாப்டரைவிட நல்ல வடிவமைப்பு. சத்தமும் குறைவு: ஜோபி விமானத்தை நாசாவோடு சேர்ந்து அளந்தபோது, 500 மீட்டர் உயரத்தில் பறக்கையில் 45 டெசிபல்தான் பதிவானது. ஆனால் என் மொட்டை மாடிக்கு மேல் ஒன்று போவதும் நிமிடத்துக்கு ஒன்று போவதும் வேறு வேறு. 1977ல் நியூயார்க்கில் பான் ஆம் கட்டட உச்சியில் நின்ற ஹெலிகாப்டரின் சக்கரக் கால் ஒடிந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் டிக்கெட்டே வாங்காதவர், கீழே தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தவர். அந்தத் தளத்தை அதோடு மூடிவிட்டார்கள். டாக்சியில் ஏறுகிறவரின் ஆபத்தை அவர் தெரிந்து ஏற்கிறார், கீழே இருப்பவரை யாரும் கேட்பதில்லை. இதுதான் எனக்குப் பெரிய கவலை.

தேதிகளையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஜெர்மனியின் வோலோகாப்டர் நிறுவனம் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பயணிகளை ஏற்றுவோம் என்றது. உரிய சான்றிதழ் கிடைக்கவில்லை, அந்த டிசம்பரிலேயே திவால் மனு போட்டது. லிலியம் என்ற இன்னொரு ஜெர்மன் நிறுவனம் அதற்கு இரண்டு மாதம் முன்பே அந்த வழிக்குப் போய்விட்டது. சீனாவின் ஈஹாங் மட்டும் விமானி இல்லாத இரண்டு இருக்கை விமானத்துக்கு 2023 அக்டோபரில் வகைச் சான்றிதழ் (அந்த வடிவமைப்பு பறக்கத் தகுதியானது என்கிற அரசு ஒப்புதல்) வாங்கியது.

எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிற இடம் வேறு. சென்னை ஐஐடியில் பிறந்த இ-பிளேன் நிறுவனம் விமான ஆம்புலன்சுக்கென்று 788 விமானங்கள் தருவதற்கு 2025ல் ஒப்பந்தம் போட்டது. இன்னும் உருவாக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் கணக்கு அங்கே உதைக்கவில்லை. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை பறந்தால் போதும், நாலு பேரை ஏற்ற வேண்டியதுமில்லை. உதாரணத்துக்கு, உறுப்பு தானத்தில் எடுத்த இதயத்தைச் சுமார் நாலு மணி நேரத்துக்குள் இன்னொருவருக்குப் பொருத்தியாக வேண்டும். இப்போது அதற்காகப் போலீஸ் சிக்னல்களை நிறுத்திச் சாலையையே காலி செய்து தருகிறது. தளம் கட்டப் பொது இடம் கொடுப்பதாக இருந்தால் முதலில் மருத்துவமனை வளாகங்களில் கொடுக்கட்டும். நாங்கள் ராஜீவ் சௌக்கில் நசுங்கியே போய்க்கொள்கிறோம், எட்டுப் பெட்டியைப் பத்தாக்கினால் இன்னும் நல்லது.